வாயும் வயிறுமாய் இருந்த தந்தை

1835 பிப்ரவரி 20, முற்பகல். தென் சிலியின் வால்டிவியா நகரை அடுத்த காட்டில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் களைப்பாறத் தரையில் படுத்திருந்தார். திடீரென நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீடித்த அந்த நிலநடுக்கம் வடக்கே கன்செப்சியோன் நகரை இடிபாடாக்கியது. படுத்திருந்தவர் சார்லஸ் டார்வின். காலடி நிலம் அசையாதது என்ற மனிதரின் பழைய நம்பிக்கை ஒரு நொடியில் நொறுங்கியதைத் தம் பயணநூலில் அவர் எழுதினார். அந்தக் காட்டுத் தரையின் இலைச்சருகுகளில் வாழ்ந்த சிறு தவளை ஒன்று இன்னொரு பழைய நம்பிக்கையை ஓசையின்றித் தகர்க்கக் காத்திருந்தது. அந்நம்பிக்கை தகர மேலும் 37 ஆண்டுகள் ஆயின.

பீகிள் கப்பல் 1834 நவம்பரிலிருந்து 1835 பிப்ரவரி வரை சிலோயே தீவையும் தென் சிலியின் கரையோரத்தையும் ஆய்ந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மிதவெப்பக் காடுகள் அங்கே உள்ளன. தெற்கத்திய பீச் மரங்களும் மூங்கில் புதர்களும் பெரணிகளும் ஈரப்பாசியும் பின்னிக் கிடப்பதால் பகலிலும் இருள் படிந்திருக்கும் காடுகள் அவை. அங்கே டார்வின் சேகரித்த உயிர்களில் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத இந்தத் தவளையும் ஒன்று. இது மரம் ஏறுவதில்லை. குளத்தைத் தேடி வாழ்வதுமில்லை. சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். முதுகு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்; வயிறு கறுப்பும் வெள்ளைத் திட்டுகளுமாக இருக்கும். மூக்கின் நுனியில் தோல் கூம்பி நீண்டிருப்பதால் மேலிருந்து பார்ப்பவருக்கு இலை என்றே தோன்றும். ஆபத்து நெருங்கினால் மல்லாந்து விழுந்து செத்ததுபோல் கிடக்கும்.

இந்தத் தவளைக்குப் பெயர் கிடைத்த கதையே சற்று விசித்திரமானது. இங்கிலாந்து திரும்பிய டார்வின் தம் சேகரிப்புகளைத் துறை அறிஞர்களிடம் பிரித்துக் கொடுத்தார். பாலூட்டிகளும் பறவைகளும் 1837 ஜனவரியில் லண்டன் விலங்கியல் கழகத்தைச் சேர்ந்தன. ஊர்வனவும் இருவாழ்விகளும் பல் மருத்துவரும் விலங்கியல் பேராசிரியருமான தாமஸ் பெல்லிடம் சென்றன. பெல் நிதானமானவர், அவர் பொறுப்பேற்ற பகுதி முடிவுற 1843 ஆயிற்று. அதற்குள் பாரிஸைச் சேர்ந்த கப்ரியேல் பிப்ரோன் அச்சேகரிப்பைப் பார்த்திருந்தார். பிப்ரோனும் அவருடைய ஆசிரியரான துமெரிலும் 1841இல் வெளியிட்ட தொகுதியில் இத்தவளைக்கு ‘ரைனோடெர்மா டார்வினி’ என்று பெயர் சூட்டினர். கிரேக்கத்தில் ‘ரினோஸ்’ மூக்கையும் ‘டெர்மா’ தோலையும் குறிக்கும். ஆக, ‘டார்வினின் மூக்குத்தோலி’ என்பதே அதன் அறிவியற்பெயரின் பொருள்.

சாராயக் குப்பியில் மிதந்த தவளையின் மூக்கு எல்லார் கண்ணிலும் பட்டது. அதனால் மூக்கைக்கொண்டே பெயரும் அமைந்தது. உலகில் வேறெந்த உயிரிடமும் காணாத ஒன்று அதன் தொண்டைக்குக் கீழே இருந்ததைப் பெயர் சூட்டியவர்கள் அறியவில்லை.

அதைப் பாதியளவு கண்டவர் குளோத் கே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். 1828இல் சிலி சென்ற கே, அந்நாட்டு அரசின் பணியை ஏற்றுப் பல்லாண்டுகள் நாடெங்கும் அலைந்து செடிகொடிகளையும் விலங்குகளையும் பதிவு செய்தார். 1830இல் சாந்தியாகோவில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நிறுவியவரும் அவரே. இத்தவளையை அறுத்துப் பார்த்தபோது உடலுக்குள் தலைப்பிரட்டைகள் கிடந்ததைக் கே கண்டார். கண்ணால் கண்டதில் பிழையில்லை. அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தில்தான் பிழை இருந்தது. உடலுக்குள் குஞ்சுகள் இருந்தால் அந்த உடல் பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும், அந்தத் தவளை முட்டையிடாமல் குட்டி ஈனுவதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. சிலியின் இயற்கை வரலாறு பற்றி அவர் தொகுத்த பெருநூல் வரிசையில் இருவாழ்விகள் பற்றிய பகுதி 1848இல் வெளிவந்தது. குட்டி ஈனும் தவளை என்ற கருத்தும் அறிஞருலகில் நிலைபெற்றது.

கே கவனக்குறைவானவர் அல்லர். கண்டதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த சொற்களில்தான் குறை இருந்தது. கருவைச் சுமப்பது தாய் என்பது அன்றைய ஐரோப்பிய அறிவியலுக்கு ஆராயப்பட வேண்டிய கூற்றாகத் தோன்றவில்லை. சொல்லின் பொருளுக்குள்ளேயே அது அடங்கிக் கிடந்தது. தவளை ஆணா பெண்ணா என்று பார்க்கும் முன்பே ‘சுமக்கிறது’ என்ற வினை அதைப் பெண்ணாக்கிவிட்டது.

அந்த வினையைத் தவளையிடமிருந்து பிரித்துப் பார்த்தவர் மார்க்கோஸ் ஹிமெனெஸ் டெ லா எஸ்பாடா என்ற ஸ்பானியர். 1862இல் ஸ்பெயின் அரசு தென்னமெரிக்காவுக்கு அனுப்பிய பசிபிக் அறிவியல் குழுவில் அவரும் ஒருவர். கண்டத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து அமேசான் வழியே நாடு திரும்பினார். 1871இல் ஸ்பானிய இயற்கை வரலாற்றுக் கழகம் உருவானபோது அதைத் தோற்றுவித்தவர்களில் அவரும் இருந்தார். மறு ஆண்டில் அக்கழக இதழின் முதல் தொகுதியில் இந்தத் தவளையின் இனப்பெருக்கம் குறித்து அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று.

எஸ்பாடா செய்த காரியம் எளியது. தலைப்பிரட்டைகளைச் சுமந்த தவளைகளை அறுத்தபோது அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளையும் பார்த்தார். அவை அனைத்தும் ஆண்கள். குஞ்சுகள் கிடந்த இடம் கருப்பையோ இரைப்பையோ அல்ல, குரற்பை. ஆண் தவளைகள் பெண்ணை அழைத்துக் கத்தும்போது தொண்டைக்குக் கீழே ஊதிப் பெருக்கும் அதே பை. நாவின் இருபுறமும் வாய்த்தரையில் உள்ள சிறு பிளவுகள் அதன் வாயில்கள். இந்தத் தவளையில் அந்தப் பை தொண்டையோடு நிற்காமல் தோலுக்கடியில் மார்பு, வயிறு, விலா என விரிந்து தொடைச்சந்து வரை போகும். கே வயிறு என்று எண்ணியது, வயிற்றின்மேல் படர்ந்து கிடந்த தொண்டையை.

ஐந்தாண்டுகளில் இக்கட்டுரையின் செய்தி ஜெர்மன் மொழி வழியே பிற அறிஞர்களுக்கும் பரவியது. பிந்தைய ஆய்வாளர்கள் உயிருள்ள தவளைகளைக் கண்காணித்து நிகழ்வின் முழு ஒழுங்கையும் வரைந்தனர். பெண் ஈரமான தரையில் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். சுமார் மூன்று வாரங்களில் முட்டைக்குள் கரு அசையத் தொடங்கும். அந்த அசைவைக் கண்ட ஆண் அவற்றை வாயால் எடுக்கும். அவை பிளவுகள் வழியே குரற்பைக்குள் இறங்கும். அங்கே ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை தலைப்பிரட்டைகள் வளரும். கால் முளைக்கும், வால் தேயும். பின்னர் ஒருநாள் தந்தை வாயைத் திறக்க, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள முழுத் தவளைகள் ஒவ்வொன்றாய்த் தரையில் குதிக்கும். குளமோ ஓடையோ இன்றித் தரையிலேயே தொடங்கித் தரையிலேயே முடிகிறது இந்தத் தவளையின் பிறப்பு.

பை வெறும் தொட்டில்தானா, அதற்கு மேலும் ஏதேனும் தருகிறதா என்ற கேள்வி ஒரு நூற்றாண்டு கடந்தும் நின்றது. 1986இல் சிலி ஆய்வாளர்கள் ஆண் தவளைகளின் உடலில் தடம் காட்டும் பொருளைச் செலுத்திப் பார்த்தனர். அது பையின் சுவரைக் கடந்து தலைப்பிரட்டைகளுக்குள் சென்றிருந்தது. தந்தையின் உடல் தரும் சுரப்பும் குஞ்சுகளுக்கு உணவாகிறது என்பது அதனால் தெரியவந்தது. பெண்ணைக் கவரக் கூவுவதற்காக அமைந்த உறுப்பு பிள்ளைக்கு ஊட்டும் உறுப்பாகவும் மாறியிருந்தது.

தவளையைத் தன் வாயாலேயே கெடும் உயிராகக் காட்டுவது தமிழ்ப் பழமொழி. மறைந்து கிடந்தாலும் கத்திப் பாம்புக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் பொருள். சிலியின் காட்டில் அந்த வாயே பிள்ளைகளுக்குக் காவல். கருவுற்ற பெண்ணை ‘வாயும் வயிறுமாய் இருக்கிறாள்’ என்று சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. பெண்ணுக்கென்றே வழங்கிவந்த அத்தொடர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் உயிர் உலகில் இருக்குமானால், அது இந்த ஆண் தவளைதான். ஸ்பானிய மொழி இதற்கு வழங்கும் பெயர்களிலும் ஓர் இருமை உண்டு. ‘ரனீட்டா டெ டார்வின்’ என்பதில் தவளையைக் குறிக்கும் சொல் இலக்கணப்படி பெண்பால். ‘சபீட்டோ வக்கேரோ’ என்ற மற்றொரு பெயரில், அதாவது ‘மாட்டுக்காரத் தேரை’ என்பதில், ஆண்பால். சொல்லின் பால் வேறு, உயிரின் பால் வேறு என்பது இலக்கணம் படித்தவருக்குப் புதிதல்ல. உயிரியலில் அந்த வேறுபாட்டை உணர ஒரு கத்தியும் ஒரு சந்தேகமும் தேவைப்பட்டன.

பாலை மாற்றிப் படித்ததால் விளைந்த கேடு பெரிதல்ல. பாடநூல் திருந்தியது, தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரை மாற்றிப் படித்ததன் விளைவு அப்படி முடியவில்லை.

1902இல் ருடால்ப் அமாண்டோ பிலிப்பி, கேயின் பெருநூலில் உள்ள சிலி இருவாழ்விகள் பகுதிக்கு ஒரு துணைநூல் வெளியிட்டார். கே நிறுவிய அருங்காட்சியகத்தை 1853 முதல் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி வளர்த்த ஜெர்மானியர் அவர். நூல் வெளிவந்தபோது தொண்ணூறைக் கடந்த முதியவர். நடுச் சிலியின் கரையோரத்தில் உள்ள விச்சுக்கேன் பகுதியிலிருந்து வந்த செந்நிறத் தவளை ஒன்றை அதில் அவர் விவரித்து, ‘ஹெமினெக்டிஸ் ரூஃபுஸ்’ என்று பெயரிட்டார். ‘அரைநீச்சல்காரன், சிவந்தவன்’ என்பது பொருள். கூரிய மூக்கு டார்வின் தவளையை நினைவூட்டினாலும், கால்விரல்களுக்கிடையே நீந்துவதற்கான சவ்வு கூடுதலாக இருந்தது. முதியவரின் கண் சரியாகவே பார்த்திருந்தது.

பின்வந்த வகைப்பாட்டாளர்கள் அதை ஏற்கவில்லை. இதுவும் டார்வின் தவளையே, நிறமும் இடமும்தான் வேறு என்று முடிவுசெய்து பிலிப்பியின் பெயரைப் பழைய பெயருக்குள் அடக்கிவிட்டனர். அறிவியலில் இது அன்றாடம் நடப்பது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தையது நிற்கும், பிந்தையது மறையும். இங்கே இருந்தவையோ இரண்டு உயிர்கள். ஒன்றின் பெயர் மறைந்தபோது அந்த இனமே ஏட்டில் இல்லாமற்போயிற்று. நடுச் சிலியில் பிடிபட்ட தவளையும் தென்சிலியில் பிடிபட்ட தவளையும் ஒரே பெயரின்கீழ் எண்ணப்பட்டன.

அந்த ஆண்டுகள் நடுச் சிலியின் கரையோர மலைகளுக்கு அமைதியான ஆண்டுகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கவேட்டை மூண்டபோது அங்கே குவிந்த மக்களுக்குச் சிலியின் கோதுமை சென்றது. அதற்காகக் கரையோர மலைச்சரிவுகள் உழப்பட்டன. மழையில் மண் கரைந்து மலைகள் வெடிப்புற்றன. 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பாழ்நிலத்தை மூடவென்று கலிபோர்னியாவிலிருந்து வந்த ரேடியாட்டா பைன் மரம் நடப்பட்டது. பினோசெட் ஆட்சி 1974இல் பிறப்பித்த 701ஆம் எண் ஆணை மரத்தோட்டங்களுக்கு அரசு மானியம் வழங்கியது. பைனும் யூகலிப்டஸும் பாழ்நிலத்தோடு நிற்காமல் இயற்கைக் காடுகள் நின்ற இடத்தையும் பிடித்தன. வரைபடத்தில் அதுவும் பச்சைதான். ஆனால் பைன் ஊசிகள் மூடிய உலர்ந்த தரை, ஈரச்சருகில் முட்டையிடும் தவளைக்கு வீடாகாது.

தெற்கிலும் காடு தப்பவில்லை. 1850 முதல் வால்டிவியாவிலும் லியாங்கிவேயிலும் ஜெர்மானியக் குடியேறிகளுக்கு நிலம் ஒதுக்கப்பட்டபோது பெருங்காடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தக் குடியேற்றத்தைத் திட்டமிட்டவர்களில் முதன்மையானவர் பெர்ன்ஹார்ட் பிலிப்பி. அருங்காட்சியகத் தலைவர் பிலிப்பியின் தம்பி அவர். ஒரு குடும்பத்தில் தம்பி காட்டில் குடியேற்றத்துக்கு வழி திறந்தார். அண்ணன் அந்நாட்டின் உயிர்களுக்குப் பெயர் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் இயற்கையியல் பெரும்பாலும் இப்படி இரு கைகளாலும் இயங்கியது. அறிவைச் சேர்த்தவர்கள் நடந்த பாதையும் காட்டை அழித்தவர்கள் நடந்த பாதையும் பல இடங்களில் ஒன்றே.

1975இல் வால்டிவியாவின் ஆஸ்திரால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போர்மாஸ், புஹின், ஹோர்க்கேரா ஆகிய மூவரும் பிலிப்பியின் தவளையை மீண்டும் எடுத்து ஆய்ந்தனர். அது தனி இனமே என்று நிறுவி, ‘ரைனோடெர்மா ரூஃபும்’ என்ற பெயரில் அதற்கு ஏட்டில் மீண்டும் இடம் அளித்தனர். உடலமைப்பைவிட வாழ்முறையில் வேறுபாடு ஆழமானது. செந்நிறத் தவளையின் ஆணும் குஞ்சுகளைக் குரற்பையில் சுமக்கும்; ஆனால் முழுவதும் அல்ல. தலைப்பிரட்டைகளுக்குத் தாடையும் குடலும் உருப்பெறும் வரை சில காலம் சுமந்து, பிறகு ஓடைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். எஞ்சிய வளர்ச்சி நீரில் நிகழும். நீரில் பிள்ளை வளர்க்கும் பிற தவளைகளுக்கும் இறுதிவரை வாயில் சுமக்கும் டார்வின் தவளைக்கும் இடையே நின்ற படி அது. குரற்பை எவ்வாறு கருப்பையின் வேலையை ஏற்றது என்ற கேள்விக்கு உயிருள்ள சான்றாய் இருந்தது அந்த இனம் ஒன்றே.

பிலிப்பி பெயரிட்டு 73 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் பெயர் பெற்றது. காட்டில் உயிரோடு கடைசியாகக் காணப்பட்டது 1980இல். இடையில் ஐந்தே ஆண்டுகள். அதன்பின் அதன் பழைய வாழிடங்களில் மீண்டும் மீண்டும் தேடியும் அது அகப்படவில்லை. இன்று சர்வதேச செம்பட்டியல் அதை ‘மிக மோசமான ஆபத்தில் உள்ளது, அழிந்திருக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்திருக்கிறது.

அந்த எழுபத்து மூன்று ஆண்டுகளும் பெயர் நிலைத்திருந்தால் தவளை பிழைத்திருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாது. பெயர் காட்டைக் காப்பதில்லை. ஆனால் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம் என்று அறிவதற்கு அதைத் தனியே எண்ணியிருக்க வேண்டும். தனியே எண்ணுவதற்குத் தனிப் பெயர் வேண்டும். நடுச் சிலியில் தவளை குறைந்துவந்தபோது, தெற்கே அதே பெயரில் வேறொரு தவளை ஏராளமாக இருந்தது. கணக்கில் குறை தெரிய வழியில்லை.

மறைவுக்குக் காரணம் காடழிப்பு மட்டும்தானா என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் திரும்பிச் சென்றது அருங்காட்சியகக் குப்பிகளுக்கே. 1999இல் அறிவியல் ஒரு பூஞ்சையை இனங்கண்டு விவரித்தது. தமிழில் கைட்ரிட் பூஞ்சை எனலாம். தவளைகள் தோல் வழியே நீரையும் உப்பையும் சீர்செய்து வாழ்பவை. இந்தப் பூஞ்சை தோலைத் தாக்கி அச்சீர்மையைக் குலைக்கும். இறுதியில் இதயம் நின்றுவிடும். உலகெங்கும் தவளையினங்கள் காணாமற்போனதற்கு இதுவே பெருங்காரணங்களில் ஒன்று. லண்டன் விலங்கியல் கழகத்தையும் சிலியின் ஆந்த்ரேஸ் பெல்லோ பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள், பாதுகாக்கப்பட்ட 662 பழைய தவளைகளின் தோலில் அதைத் தேடி 2013இல் முடிவை வெளியிட்டனர். ஆறு தவளைகளில் பூஞ்சை இருந்தது. ஆறும் 1970க்கும் 1978க்கும் இடையில் பிடிக்கப்பட்டவை. அவற்றில் டார்வின் தவளைகளும் உண்டு. ஒன்று செந்நிறத் தவளை. செந்நிறத் தவளை மறையத் தொடங்கிய அதே ஆண்டுகளில் பூஞ்சை அதன் காட்டில் இருந்தது என்பதற்குக் குப்பியில் கிடந்த அந்த ஒற்றை உடல் சாட்சி சொன்னது.

கேயும் எஸ்பாடாவும் குப்பிகளில் பிறப்பைத் தேடினார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே வகைக் குப்பிகளில் இறப்பின் காரணம் தேடப்பட்டது. சேகரித்தவர் எவரும் அந்தக் கேள்வியை நினைத்திருக்க முடியாது. அவர்கள் காலத்தில் அதற்குச் சொல்லே இல்லை. பெயரும் நாளும் ஊரும் எழுதி ஒட்டிய சீட்டுதான் அக்கேள்விக்கு விடை தந்தது.

டார்வின் தவளை இன்னும் இருக்கிறது. 2013இல் வெளியான மற்றொரு ஆய்வு அதை 36 இடங்களில் கண்டது; ஆனால் அவை சிறிய கூட்டங்கள், ஒன்றோடொன்று தொடர்பற்றவை. சிலியும் அர்ஜென்டினாவும் சார்ந்த நிறுவனங்கள் இணைந்து 2018இல் இதற்கென ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தன. சிலோயே தீவின் தென்கோடியில் உள்ள தந்தவுக்கோ பூங்காவின் காடு இத்தவளையின் வலுவான புகலிடங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. பூஞ்சை அங்கே எட்டவில்லை. 2023இல் அங்கும் எட்டியது. ஓராண்டுக்குள் கண்காணிப்பில் இருந்த தவளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன.

2024 அக்டோபரில் ஒரு குழு அந்தக் காட்டில் இறங்கி, பூஞ்சை தொற்றாத 53 தவளைகளைப் பிடித்தது. இரண்டு கிராம்கூட எடையில்லாத அவ்வுயிர்கள் குளிர்காத்த பெட்டிகளில் படகிலும் வண்டியிலும் விமானத்திலுமாக ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் பயணம் செய்து லண்டன் விலங்குக்காட்சியகத்தை அடைந்தன. வந்தவற்றில் 11 ஆண்கள் குரற்பையில் பிள்ளைகளைச் சுமந்திருந்தன. கடலையும் கண்டத்தையும் கடந்த கலக்கத்திலும் அவை சுமையை இறக்கவில்லை. அவற்றின் வாய்களிலிருந்து 33 குஞ்சுத் தவளைகள் வெளிவந்தன என்று 2025இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. டார்வினின் பறவைகளும் பாலூட்டிகளும் உயிரற்றுச் சென்று சேர்ந்த அதே விலங்கியல் கழகத்தின் கூரையின்கீழ், 188 ஆண்டுகள் கழித்து, அவர் பெயர் தாங்கிய தவளை பிள்ளை பெற்றது.

இந்த மீட்பின் அடியில் வரலாறு சேர்த்த அறிவு ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை இருப்பது ஆணின் பையில் என்று எஸ்பாடா சொல்லியிருந்ததால்தான் 11 ஆண்கள் எதைச் சுமந்து வருகின்றன என்பது பெட்டியைத் திறக்கும் முன்பே தெரிந்தது. பை உணவும் தருகிறது என்று 1986இன் ஆய்வு காட்டியிருந்ததால்தான் தந்தை நலமாய் இருப்பது பிள்ளை நலத்துக்கு ஏன் இன்றியமையாதது என்பது புரிந்தது. பூஞ்சையை முன்கூட்டியே கண்காணிக்க வேண்டும் என்பதைக் குப்பிகளில் கிடந்த ஆறு தவளைகள் உணர்த்தியிருந்தன. சரியாகப் படிக்கப்பட்ட ஒவ்வொரு வரியும் பின்னாளில் ஓர் உயிரின் பக்கம் நின்றது.

செந்நிறத் தவளைக்கு அப்படி ஒரு பெட்டி செல்ல வாய்ப்பில்லை. பிடிப்பதற்குத் தவளை வேண்டும். பூஞ்சை தேடி ஆராயப்பட்ட 662 உடல்களில் அதனுடையவையும் உண்டு. அவற்றின் சீட்டுகளில் இன்று சரியான பெயர் இருக்கிறது.